கேக் யாருக்கு? ஜாஸ் வரலாற்றிலிருந்து சில சிரிப்புகள்

1

ஜாஸ் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெருமூச்சோடு ஆரம்பிக்கிறார்கள். அடிமைக் கப்பல், பருத்திக் காடு, சாட்டையடி, அழுகை, அழுகையிலிருந்து பிறந்த பாட்டு. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அழுகையை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற காதுக்கு இந்த இசையில் பாதி விழாமலே போய்விடும். ஜாஸில் கேலி உண்டு, நையாண்டி உண்டு, ஆளைப் பார்த்துப் பழிப்புக் காட்டுகிற வாத்தியங்கள் உண்டு. எனவே இந்த வரலாற்றை இரண்டு கேள்விகளிலிருந்து பார்க்கலாம். யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்? அந்தச் சிரிப்புக்கான காசை யார் வாங்கிக்கொண்டு போனார்கள்?

முதல் சிரிப்பு ஜாஸுக்கு முந்தியது. அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்களில் எசமானர்கள் விருந்து நாட்களில் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு ஜோடி ஜோடியாக நடனம் ஆடுவார்கள். அடிமைகள் ஓரமாக நின்று பார்ப்பார்கள். பிறகு தங்கள் முறை வரும்போது அதையே இன்னும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி, இன்னும் கொஞ்சம் காலைத் தூக்கி ஆடிக் காட்டுவார்கள். முன்னாள் அடிமைகளின் நினைவுக் கூற்றுகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: அது எசமானைப் பழிப்புக் காட்டும் ஆட்டம். எசமானுக்கோ அது புரியவில்லை. 'பாவம், நம்மைப் போல ஆட ஆசைப்படுகிறார்கள்' என்று நினைத்து நன்றாக ஆடிய ஜோடிக்கு ஒரு கேக் பரிசாகக் கொடுத்தான். 'கேக்வாக்' என்று அதற்குப் பெயரும் வந்துவிட்டது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நாம் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கிண்டல் செய்யும் வெள்ளையரின் 'மின்ஸ்ட்ரல்' மேடை இந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டது. 1890களின் கடைசியில் அது பெருநகர மேட்டுக்குடிகளின் மோஸ்தர் ஆயிற்று. அதாவது, வெள்ளையரைப் பகடி செய்த கறுப்பரைப் பகடி செய்த வெள்ளையரைப் பார்த்து மற்ற வெள்ளையர் ஆடினார்கள். இதில் மூலம் எது, நகல் எது என்று பின்நவீனத்துவ நண்பர்கள் கண்டுபிடித்துச் சொன்னால் நல்லது. ஒன்றை மட்டும் அவர்கள் மறந்துவிடக் கூடாது. 1830 வாக்கில் அந்த மேடையில் ஒரு வெள்ளை நடிகர் பிரபலப்படுத்திய கோமாளிப் பாத்திரத்தின் பெயர் 'ஜிம் குரோ'. பின்னாளில் இனஒதுக்கல் சட்டங்களுக்கு அதுவே பெயராயிற்று. குறிகளின் விளையாட்டு என்று நாம் சொல்வது சிலருக்கு ரயில் பெட்டியிலிருந்து இறக்கிவிடப்படுவதாக முடியும்.

2

நியூ ஆர்லியன்சில் உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது. அந்த ஊரில் கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் நடுவே 'கிரியோல்' என்று ஒரு கலப்பினச் சமூகம் இருந்தது. பிரெஞ்சு பேசினார்கள், பிள்ளைகளுக்கு முறைப்படி இசை சொல்லிக்கொடுத்தார்கள், கறுப்பரிடமிருந்து கொஞ்சம் எட்டியே நின்றார்கள். 1890இல் லூசியானா மாநிலம் ரயிலில் தனிப்பெட்டிச் சட்டம் கொண்டுவந்தது. 1892இல் ஹோமர் பிளெசி என்ற கிரியோல் அதை எதிர்த்து வேண்டுமென்றே வெள்ளையர் பெட்டியில் போய் உட்கார்ந்தார். 1896இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தின் கண்ணில் இனி இரண்டே நிறம். எட்டி நின்றவர்கள் கீழே தள்ளப்பட்டார்கள். நோட்டைப் பார்த்து வாசிக்கத் தெரிந்த கிரியோல்களும், காதால் கேட்டே ஊரைக் கலக்கிக்கொண்டிருந்த கறுப்பர்களும் பிழைப்புக்காக ஒரே மேடையில் வந்து நின்றார்கள். ஜாஸ் பிறந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. 1817இலேயே நகரசபை அடிமைகளின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டங்களை ஒரே இடத்துக்குள் அடைக்க உத்தரவு போட்டிருந்தது. அந்தக் காங்கோ சதுக்கத்தின் முரசொலியும் அதில் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு முறையும் அதிகாரம் மனிதர்களைப் பிரித்து அடைக்கத்தான் பார்த்தது. அடைத்த இடத்தில் அவர்கள் ஒன்றுசேர்ந்து வாசித்துவிட்டார்கள்.

மூன்றாவது அடைப்பு இன்னும் வேடிக்கையானது. ஊரெல்லாம் பரவியிருந்த பாலியல் தொழிலை ஒரு வட்டாரத்துக்குள் கட்டுப்படுத்த வேண்டும் என்று 1897இல் சிட்னி ஸ்டோரி என்ற நகரசபை உறுப்பினர் சட்டம் கொண்டுவந்தார். நன்றியுள்ள ஊர்மக்கள் அந்த வட்டாரத்துக்கு 'ஸ்டோரிவில்' என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஒழுக்கத்துக்காகப் பாடுபட்டவருக்கு இப்படியொரு ஞாபகார்த்தம் வேறெங்கும் கிடைத்திருக்காது. 1917இல் கடற்படையின் நெருக்குதலால் மூடப்படும்வரை அங்கே பல இசைக்காரர்களுக்கு அரிசி வெந்தது.

இந்த இசைக்குப் பிதாமகர் யார்? கார்னெட் ஊதிய படி போல்டன் என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். அவர் ஊதினால் பல மைல் தூரம் கேட்கும் என்பார்கள். 1907இல் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டார், 1931இல் அங்கேயே இறந்தார். அவர் வாசித்த ஒரு சுரம்கூடப் பதிவாகிக் கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம் ஜெல்லி ரோல் மார்ட்டன். பல்லில் வைரம் பதித்திருந்த பியானோக்காரர். ஜாஸைக் கண்டுபிடித்தது நான்தான், 1902இல் கண்டுபிடித்தேன் என்று 1938இல் பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார். மனுஷன் பிறந்தது 1890 வாக்கில். கணக்குப் போட்டால் பன்னிரண்டு வயசு வருகிறது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவரது வாசிப்பைக் கேட்டவர்கள், 'அளக்கிறார்தான், ஆனால் ரொம்ப அளக்கவில்லை' என்றே சொல்ல வேண்டியிருந்தது. ஒருவருக்குச் சான்றே இல்லை, மற்றவருக்குச் சான்று கூடிப்போய்விட்டது. மூலத்தைத் தேடுகிற வரலாற்று ஆர்வத்துக்கு ஜாஸ் செய்த முதல் நையாண்டி இது.

இரண்டாவது நையாண்டி அதன் பெயரில் இருக்கிறது. 'ஜாஸ்' என்ற சொல்லுக்கு ஆப்பிரிக்க வேர், பிரெஞ்சு வேர், கெட்ட வார்த்தை வேர் என்று பல வேர்கள் தோண்டப்பட்டன. கடைசியில், கிடைத்திருக்கிற மிகப் பழைய அச்சுச் சான்றுகள் 1912, 1913ஆம் ஆண்டுகளின் கலிபோர்னியா விளையாட்டுச் செய்திகள். தான் வீசப்போகும் பந்துக்கு ஒரு பேஸ்பால் வீரர் இந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். அது தள்ளாடித் தள்ளாடி வரும், அதை யாராலும் ஒண்ணும் செய்ய முடியாது என்பது அவர் தந்த விளக்கம். இந்த இசைக்கு இதைவிட நல்ல வரையறையை எந்த இசையியல் அறிஞரும் தந்ததாகத் தெரியவில்லை.

3

1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் விக்டர் கம்பெனி ஒரு பதிவு செய்தது. ஜாஸ் என்ற பெயரில் வெளியான முதல் இசைத்தட்டு அது. வாசித்தவர்கள் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்டு, ஐந்து பேர், ஐந்து பேரும் வெள்ளையர். 'ஒரிஜினல்' என்ற சொல்லை அவர்களேதான் போட்டுக்கொண்டார்கள். ஃபிரெடி கெப்பார்டு என்ற கறுப்பருக்கு அந்த வாய்ப்பு முன்பே வந்ததாகவும், தட்டில் பதிந்தால் திருடிவிடுவார்கள் என்று அவர் மறுத்ததாகவும் ஒரு கதை உண்டு. மேடையில்கூட விரல்களைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டுதான் வாசிப்பாராம். கதை மெய்யோ பொய்யோ, அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது.

அந்தத் தட்டில் இருந்த 'லிவரி ஸ்டேபிள் புளூஸ்' ஒரு மாட்டுத்தொழுவ வேடிக்கை. கிளாரினெட் சேவலாகக் கூவும், கார்னெட் குதிரையாகக் கனைக்கும், டிராம்போன் மாடாகக் கத்தும். தட்டு விற்றுத் தள்ளியது. உடனே, இது யாருடைய உருப்படி என்று வழக்கு வந்தது. சிகாகோ நீதிமன்றத்தில் 1917 அக்டோபரில் இரண்டு தரப்பு வெள்ளை இசைக்காரர்கள், சேவல் கூவலும் குதிரைக் கனைப்பும் யாருடைய கற்பனை என்று சாட்சி சொன்னார்கள். நீதிபதி ஜார்ஜ் கார்ப்பென்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இதில் சங்கீதம் என்று எதையும் காண முடியவில்லை என்ற அபிப்பிராயத்தோடு, இரண்டு பேருக்கும் இது சொந்தமில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டார்.

மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல தீர்ப்பு. யாருக்கும் சொந்தமில்லை என்றால் எல்லோருக்கும் சொந்தம், அப்படித்தானே? அப்படி இல்லை. யாருக்கும் சொந்தமில்லாதது, விற்கத் தெரிந்தவனுக்குச் சொந்தம். அந்தக் கூண்டில் ஏறாத ஒரு தரப்பு இருந்தது. அந்தப் பாணியை ஊர்வலங்களிலும் சவ அடக்கங்களிலும் ஸ்டோரிவில்லிலும் வளர்த்தெடுத்த கறுப்பர்களும் கிரியோல்களும்தான் அவர்கள். பிந்திய காலத்தில் அந்தக் குழுவின் தலைவர் நிக் லரோக்கா, ஜாஸ் வெள்ளையர் கண்டுபிடிப்பு, கறுப்பருக்கு அதில் பங்கே கிடையாது என்று சாதித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த காட்சி 1924 பிப்ரவரி 12, நியூயார்க் ஏயோலியன் ஹால். 'ஜாஸ் மன்னர்' என்று பட்டம் பெற்ற நடத்துனர் கச்சேரி செய்கிறார். அவர் பெயர் பால் ஒயிட்மேன். (நான் வைத்த பெயரல்ல, பெற்றோர் வைத்த பெயர்தான்.) ஜாஸைக் குளிப்பாட்டி, தலை சீவி, சீமாட்டிகள் முன்னால் நிறுத்துவது அவர் திட்டம். பழைய ஜாஸ் எவ்வளவு கரடுமுரடு என்று காட்டுவதற்காகவே 'லிவரி ஸ்டேபிள் புளூஸை' முதலில் வாசிக்கவைத்தார். சபை சிரித்து ரசித்தது. ஐயோ, நாம் கிண்டலுக்கு வாசித்ததை இவர்கள் நிஜமாகவே ரசிக்கிறார்களோ என்று ஒரு கணம் திகிலடித்துப் போனதாக அவரே பிறகு எழுதியிருக்கிறார். அன்றைக்கு அங்கே அரங்கேறிய கெர்ஷ்வினின் 'ராப்சடி இன் புளூ' நல்ல படைப்பு, சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திகில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேக் கொடுத்த எசமானுக்கு வராத சந்தேகம் ஒயிட்மேனுக்கு வந்திருக்கிறது.

4

சிரிப்பு எங்கே இருக்கிறதோ அங்கே முகம் சுளிப்பவர்களும் வந்துவிடுவார்கள். 1921இல் அமெரிக்கக் குடும்பப் பெண்களுக்கான ஒரு பெரிய பத்திரிகை, அடி தள்ளி விழும் இந்தத் தாளத்தில் பாவம் ஒளிந்திருக்கிறதா என்று கேட்டுக் கட்டுரை போட்டது. இது எதிர்பார்க்கக்கூடியதுதான். ஹிட்லரின் ஜெர்மனியும் எதிர்பார்க்கக்கூடியதே. 1938இல் டூஸல்டார்ஃபில் 'சீரழிந்த இசை' என்று கண்காட்சி வைத்து, அதன் சுவரொட்டியில் சாக்ஸபோன் ஊதும் கறுப்பரை வரைந்து, அவர் சட்டையில் யூத நட்சத்திரத்தையும் குத்திவிட்டார்கள். அதே ஆட்சி யுத்தகாலத்தில் எதிரி நாடுகளுக்கு ஒலிபரப்ப 'சார்லி அண்டு ஹிஸ் ஆர்கெஸ்ட்ரா' என்று ஒரு ஜாஸ் குழுவையே வைத்திருந்தது. சர்ச்சிலைத் திட்ட வேண்டும், ஆனால் கேட்கிறவன் ரேடியோவை அணைத்துவிடக் கூடாது. என்ன செய்வது, சீரழிவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

நம் பக்கத்துக் கதைதான் கொஞ்சம் சங்கடமானது. 1928இல் மாக்சிம் கார்க்கி பிராவ்தாவில் ஜாஸைக் கொழுத்தவர்களின் சங்கீதம் என்று எழுதினார். இத்தாலியில் அவர் தங்கியிருந்தபோது அக்கம்பக்கத்து வானொலியில் வந்த நாட்டிய இசை அவரது நள்ளிரவு அமைதியைக் கெடுத்ததன் விளைவு அது. பக்கத்து வீட்டு ரேடியோ ஒரு நாட்டின் கலைக்கொள்கையில் தலையிட்ட கதை இது. சோவியத் அரசு 1938இல் அரசு ஜாஸ் இசைக்குழுவைத் தொடங்கியது, 1949இல் சாக்ஸபோன்களைப் பறிமுதல் செய்தது. சாக்ஸபோன்காரர்கள் சிலரது அடையாள அட்டையில் வாத்தியத்தின் பெயரை வேறாக மாற்றி எழுதினார்கள். உழைக்கும் கறுப்பரின் இசை என்றும் முதலாளியின் சதி என்றும் ஒரே வாத்தியம் மாறி மாறி வாசிக்கப்பட்டது.

பிறகு அடோர்னோ. நம் சிறுபத்திரிகைகளில் அவர் பெயரைச் சொல்லாமல் வெகுஜனக் கலாச்சாரம் பற்றிப் பேச முடியாது. 1933இல் ஜெர்மன் வானொலியில் ஜாஸுக்குத் தடை வந்தபோது, செத்த பாம்பைத்தான் அடிக்கிறார்கள் என்ற தோரணையில் எழுதியவர் அவர். 1936இல் ஜாஸ் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார், ஹெக்டர் ராட்வெய்லர் என்ற புனைபெயரில். ராட்வெய்லர் ஒரு காவல்நாய் இனத்தின் பெயர்! ஜாஸின் சுதந்திரம் போலி, அதன் தாளமீறல் கடைசியில் தாளத்துக்கே வந்து பணிந்துவிடுகிறது, அது சரக்கு என்பது அவர் வாதம். கலாச்சாரத் தொழில் பற்றி அவர் சொன்னவற்றை எளிதில் ஒதுக்க முடியாது. ஒயிட்மேனின் கச்சேரிக்கு அந்த வாதம் அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தும். சிக்கல் என்னவென்றால், அந்த நாட்களில் அவர் காதில் விழுந்தது பெரும்பாலும் ஐரோப்பிய ஓட்டல்களின் நாட்டிய இசை. 1928இல் லூயி ஆம்ஸ்ட்ராங் வாசித்த 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' பதிவின் தொடக்கத்தில் டிரம்பெட் தனியாக எழுகிற அந்தச் சில விநாடிகளுக்கு அவர் கோட்பாட்டில் இடமில்லை.

ஆக ஒழுக்கவாதிக்கு அது கறுப்பரின் காமம், நாஜிக்குக் கறுப்பரும் யூதரும் சேர்ந்த சதி, ஸ்தாலினியருக்கு முதலாளியம், விமர்சனக் கோட்பாட்டாளருக்குச் சரக்கு. நாலு பேரும் ஒரே இசையைத்தான் கேட்டார்களா என்பதே சந்தேகம். ஒன்றில் மட்டும் நால்வருக்கும் ஒற்றுமை: வாசித்தவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

5

எதிர்த்தவர்களைச் சொன்னோம். பாராட்டியவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள். 1930கள், 40களில் எழுதிய பிரெஞ்சு ரசிக-விமர்சகர் ஹ்யூக் பானஸியே போன்றவர்கள் ஜாஸைக் கொண்டாடினார்கள். எப்படி? ஆதிமனிதனின் கபடமற்ற உணர்ச்சி, படிப்பால் கெட்டுப்போகாத இயல்பு என்று. நம்மிடையேயும் இந்தப் பாஷை புழக்கத்தில் இருக்கிறது. விளிம்புநிலை மக்களின் கலை என்றதும் தன்னெழுச்சி, கலகம், கொண்டாட்டம், உடல் என்று பேனா தானாக ஓட ஆரம்பித்துவிடும். ஒடுக்கப்பட்டவனின் கலையை 'இயல்பு' என்று புகழ்வது, அவனுடைய உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்கான நாகரிகமான வழி. இயல்புக்கு யாராவது கூலி கொடுப்பார்களா?

ஆம்ஸ்ட்ராங் சிறுவனாக இருந்தபோது புத்தாண்டுக்கு முந்தின இரவு தெருவில் துப்பாக்கியால் சுட்டதற்காகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அங்கேதான் அவருக்கு முறையான கார்னெட் பயிற்சி கிடைத்தது. பிறகு மிசிசிப்பி ஆற்றுக் கப்பல்களில் வாசித்தபடியே நோட்டு வாசிப்பில் தேறினார். கிங் ஆலிவர் குழுவில் அவரோடு பியானோ வாசித்த லில் ஹார்டின், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஆம்ஸ்ட்ராங்கை மணந்து, இரண்டாவது கார்னெட்டாகவே இருந்துவிடாதே என்று அவரை முன்னுக்குத் தள்ளியவரும் அவரே. பல வரலாறுகளில் அவர் 'மனைவி' என்று மட்டும் ஒரு வரியில் வந்து போகிறார். 1971இல், ஆம்ஸ்ட்ராங் இறந்த சில வாரங்களில், அவருக்கான அஞ்சலிக் கச்சேரியில் பியானோ வாசித்துக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்தார்.

பெண்கள் என்றதும் இன்னொரு குழுவைச் சொல்ல வேண்டும். மிசிசிப்பியின் ஒரு கறுப்பர் பள்ளியில் 1937இல் உருவான 'இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம்' முழுக்கப் பெண்களால் ஆனது. பின்னால் சில வெள்ளைப் பெண்களும் சேர்ந்தார்கள். தென்மாநிலங்களில் இரண்டு நிறத்தாரும் ஒரே மேடையில் இருந்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். எனவே வெள்ளைப் பெண்கள் முகத்தில் கருமை பூசிக்கொண்டு மேடை ஏறினார்கள். கறுப்பரைக் கேலி செய்யப் பூசிய கரியின் நூறாண்டு வரலாறு இங்கே தலைகீழாகிவிட்டது. இந்தக் கரி ஜிம் குரோவை ஏமாற்றுவதற்கு.

1940களில் ஹார்லெமின் மின்டன்ஸ் விடுதியில் 'பீபாப்' உருவான விதத்திலும் இதே உழைப்பும் இதே குறும்பும் இருக்கின்றன. சார்லி பார்க்கர் மூன்று நான்கு வருஷங்கள் தினம் பதினொரு மணிநேரத்துக்குக் குறையாமல் சாதகம் செய்ததாக ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். தன்னெழுச்சிக்காரர்கள் கவனிக்க. பிரபலமான ஒரு பாட்டின் அடியில் ஓடும் சுர அடுக்கை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே புது மெட்டைக் கட்டுவது பீபாப்காரர்களின் வேலை. மெட்டுக்குத்தான் ராயல்டி, அடுக்குக்குக் கிடையாது. 1945 நவம்பரில் 'கோ-கோ' பதிவின்போது பார்க்கரும் கில்லெஸ்பியும் பழக்கதோஷத்தில் 'செரோக்கி' என்ற பழைய பாட்டின் மெட்டையே எடுத்துவிட, பதிவை நடுவில் நிறுத்தினார்கள். அப்புறம் அந்த மெட்டே இல்லாமல் அந்தப் பாட்டை வாசித்து முடித்தார்கள். 1917இல் யாருக்கும் சொந்தமில்லை என்று சொன்ன சட்டத்தின் சந்து வழியாகவே புகுந்து வெளியே வந்த கணக்கு இது.

6

பனிப்போர் வந்தது. கறுப்பரை எப்படி நடத்துகிறாய் என்று உலகம் கேட்டபோது பதில் சொல்ல முடியாத அமெரிக்க அரசு, கறுப்பரையே பதிலாக அனுப்பியது. 1956இல் டிஸி கில்லெஸ்பியின் குழு அரசுச் செலவில் வெளிநாடு போன முதல் ஜாஸ் குழு. புறப்படும் முன் அதிகாரிகள் வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள், அவர் போகவில்லை. அங்காராவில் தெருப்பிள்ளைகளை உள்ளே விட்டால்தான் வாசிப்பேன் என்றார். 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் பள்ளியில் கறுப்பு மாணவர்களை ஆர்கன்சா ஆளுநர் தடுத்தபோது, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் 'நல்ல பிள்ளை' என்று இளைஞர்கள் ஒதுக்கியிருந்த ஆம்ஸ்ட்ராங், ஜனாதிபதிக்குத் தைரியமில்லை என்று பத்திரிகைக்குச் சொல்லி சோவியத் பயணத்தை உதறினார். அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

1958இல் இப்படி ஒரு பயணத்தில்தான் டேவ் புரூபெக்கின் குழு சென்னைக்கும் வந்தது. அதன் டிரம் கலைஞர் ஜோ மொரெல்லோ இங்கே மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்போடு தன் வாசிப்பைப் பொருத்திப் பார்த்தார். சென்னைக்கு அனுப்பத்தக்க அந்தக் குழுவை அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகள் பல 1960இல் ஏற்கவில்லை. கறுப்பரான யூஜின் ரைட்டை நீக்கிவிட்டு வா என்றார்கள். புரூபெக் அந்தக் கச்சேரிகளை இழந்தார், ரைட்டை விடவில்லை. பிறகு மனைவி அயோலாவோடு சேர்ந்து, 'உண்மையான தூதர்கள்' யார் என்று கேட்கும் ஓர் இசைநாடகத்தை எழுதி, அதில் ஆம்ஸ்ட்ராங்கையே பாடவைத்தார்.

வீட்டில் என்ன நடந்தது? 'கைண்ட் ஆஃப் புளூ' வெளியான அடுத்த வாரம், 1959 ஆகஸ்டில், தன் பெயர் விளக்கெழுத்தில் மின்னிய பேர்ட்லேண்ட் விடுதியின் வாசலிலேயே மைல்ஸ் டேவிஸைப் போலீஸ்காரர் மண்டையில் அடித்தார். நின்ற இடத்தைவிட்டு நகரச் சொன்னபோது நகரவில்லை என்பதுதான் குற்றம்.

இந்த ரத்தத்துக்குப் பக்கத்தில் வைத்துத்தான் 1964இன் பெரும் சிரிப்பைக் கேட்க வேண்டும். கில்லெஸ்பி ஜனாதிபதி தேர்தலுக்கு நிற்பதாக அறிவித்தார். ஜெயித்தால் வெள்ளை மாளிகையின் பெயர் 'புளூஸ் மாளிகை'. அமைச்சரவையும் தயார்: உளவுத் துறைக்கு மைல்ஸ் டேவிஸ், பாதுகாப்புக்கு மேக்ஸ் ரோச், கோபத்துக்குப் பேர்போன சார்லஸ் மிங்கஸ் சமாதானத் துறைக்கு, அரசின் தலைமை வழக்கறிஞராக மால்கம் எக்ஸ். வெறும் விகடம் என்று தள்ளிவிடலாம். ஆனால் அந்தப் பட்டியலை வாசித்துப் பார்த்தால், ஒரு கறுப்பர் அந்த மாளிகையில் இருப்பதே நகைச்சுவையாகத் தெரிந்த ஒரு நாடு அதில் அப்பட்டமாகத் தெரிகிறது. தெரு ஊர்வலத்தில் சொல்ல முடியாத எதையும் அவர் சொல்லவில்லை. சிரிக்கவைத்துச் சொன்னதால் மறுக்க வழியில்லாமல் போய்விட்டது.

7

இன்று ஜாஸ் பற்றி யாரும் முகம் சுளிப்பதில்லை. 1987இல் அமெரிக்கக் காங்கிரஸ் அதை தேசியப் பொக்கிஷம் என்று தீர்மானம் போட்டது. அதற்கு முன், 1965இல் புலிட்சர் பரிசின் இசை நடுவர்கள் டியூக் எலிங்டனுக்குத் தனிச்சிறப்பு வழங்கப் பரிந்துரைத்தபோது மேல்குழு மறுத்துவிட்டது. எலிங்டனுக்கு அப்போது வயது 66. விதி தன்மீது கருணை காட்டுகிறது, இவ்வளவு சின்ன வயசில் ரொம்பப் பிரபலமாகிவிடக் கூடாது என்று நினைக்கிறது என்கிற பொருளில் பதில் சொன்னார். 1997இல் வின்டன் மார்சாலிஸ் அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஜாஸ் கலைஞரானார். எலிங்டனுக்கு 1999இல் கொடுத்தார்கள், அவர் இறந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து. 1950களில் உலோக வாத்தியம் வாங்கக் காசில்லாமல் பிளாஸ்டிக் சாக்ஸபோன் வாங்கி ஊதி, வாசிக்கத் தெரியாதவர் என்று திட்டு வாங்கிய ஆர்னெட் கோல்மனுக்கு 2007இல் கிடைத்தது.

இந்த இடத்தில், அதிகாரம் கலகத்தை விழுங்கிவிட்டது, ஜாஸ் செத்துவிட்டது என்று முடிப்பது சுலபம். கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் அப்படிச் சொல்கிற உரிமை நமக்கு இல்லை. ஏழ்மையில் வாசித்தால்தான் அது கலகம் என்பது வேறொருவர் வயிற்றில் நாம் நடத்துகிற புரட்சி. எலிங்டனும் ரோச்சும் 'ஜாஸ்' என்ற பெயரையே விரும்பவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அது கொச்சை ஒட்டிய, கூலி குறைக்கிற பெயர் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மரியாதையும் வேண்டும், காசும் வேண்டும், சிரிக்கிற உரிமையும் வேண்டும் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவர்களிடம் சொல்ல நாம் யார்?

பரிசு வரட்டும், வாங்கிக்கொள்ளட்டும். கேட்க வேண்டியது வேறு. தோட்டத்தில் ஆட்டம் அடிமைகளுடையது, மாவு அரைத்ததும் அடுப்படியில் வெந்ததும் அவர்களே. கேக்கும் நடுவர் நாற்காலியும் எசமானுடையவை. அந்த நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? விமர்சனம் எழுதுகிற நாமும் அதன் ஓரத்தில் கொஞ்சம் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டு, எந்தக் கலை தன்னெழுச்சி, எது சரக்கு என்று கேக் வெட்டிக்கொண்டிருக்கிறோமா? அப்படியானால் ஆடுகிறவர்கள் இந்நேரம் நம்மைப் பார்த்து என்ன பழிப்புக் காட்டிக்கொண்டிருக்கிறார்களோ, அது நமக்கும் புரியாது.